படக்காரரின் இடது கன்னம்

லண்டனில் இதுவரை பிறந்த நடிகர்களிலேயே மிகக் குறைவாக நடித்து, மிக அதிகமாக அதைப் பற்றிப் பேசியவர் எங்கள் தெருப் படக்காரர்தான். எந்த மேடையில் கேட்டாலும் இதை நான் அடித்துச் சொல்வேன். அவர் நடித்தது மூன்று படங்கள். மூன்றும் கறுப்பு வெள்ளை. மூன்றிலும் அவர் சின்னப் பையன். எதிலும் ஒரு வசனம்கூடக் கிடையாது, அழுகை மட்டும்தான். பத்து வயதாவதற்குள் சினிமா அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. பிறகு ஓய்வு பெறும்வரை பஸ் ஓட்டினார். ஆனாலும் என்ன வேலை செய்தீர்கள் என்று யாராவது கேட்டால், கண்ணை இமைக்காமல் "நடிகன்" என்பார்.

அவருக்கு ஒழுங்கான ஆங்கிலப் பெயர் ஒன்று உண்டு. தோர்ண்டன் ஹீத்தில் எங்கள் தெருவில் பாதி வீடுகள் தமிழ் வீடுகள் என்பதால், அந்தப் பெயர் யார் வாயிலும் நிற்கவில்லை. படக்காரர் என்பதுதான் நின்றது. அவரும் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார்.

அவர் பேசியதெல்லாம் ஆங்கிலம். ஆனால் தெருவில் யாருக்கு எந்த வெள்ளைக்காரரிடம் பேச வேண்டுமென்றாலும், கவுன்சில் ஆனாலும் டாக்டர் ஆனாலும், என்னைத்தான் கூப்பிடுவார்கள். எங்கள் பரம்பரையிலேயே பள்ளிக்கூடத்துக்குள் போய்ப் பட்டத்தோடு வெளியே வந்த முதல் ஆள் நான். இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமே இல்லை. என் அம்மாவுக்கு அதைவிடக் கூச்சம் இல்லை. ஆகவே படக்காரர் சொன்னதையெல்லாம் நான் தமிழாக்கிச் சொல்லிச் சொல்லி, என் நினைவில் அவர் யாழ்ப்பாணத் தமிழ்தான் பேசுகிறார். இங்கேயும் அப்படியே பேசட்டும்.

முதல் அதிர்ச்சியே அவருடைய கன்னம்தான். மனிதர் யாரிடமும் நேராக முகம் காட்டிப் பேச மாட்டார். எப்போதும் இடது கன்னம் மட்டும்தான் நமக்குத் தெரியும்.

"டைரக்டர் சொன்னவர், பிள்ளை. என்ர இடப்பக்கக் கன்னத்திலதான் கண்ணீர் வடிவா ஓடுதாம். வலப்பக்கம் மூக்கோட போய்ச் சேர்ந்திடுமாம்."

இது நடந்து எழுபது வருடத்துக்கும் மேலாகிவிட்டது. இன்னமும் அவர் தமிழ்க் கடையில் பக்கவாட்டில் நின்றுதான் வாழைப்பழம் வாங்கினார். பஸ் பாஸுக்குப் படமெடுக்கப் போனபோதும் கன்னத்தைத்தான் கொடுத்தார். நேரே பார்க்கச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். மறுபடியும் கன்னத்தோடு வந்து நின்றார்.

இன்னொரு பழக்கம், யாராவது "அக்‌ஷன்" சொல்லாமல் ஒரு வாசலுக்குள் நுழைய மாட்டார். புதிதாய் வேலைக்கு வந்த கடைப் பெண்கள் பயந்துபோவார்கள். வாசலில் ஒரு கிழவர் சிலைபோல் நிற்கிறார், தானியங்கிக் கதவு திறக்கிறது, மூடுகிறது, திறக்கிறது. உள்ளேயிருந்து முதலாளி மிளகாய்த்தூள் நிறுத்தபடியே, தலையை நிமிர்த்தாமல், "அக்‌ஷன் ஐயா, வாங்கோ" என்பார். படக்காரர் உள்ளே வருவார்.

இப்படிப்பட்டவருக்குப் பக்கத்து வீட்டில் சின்னராசா மாமா.

சின்னராசா மாமா சண்டை பிடிக்காத ஆள் லண்டனில் இருந்தால், அந்த ஆள் அன்று காலைதான் விமானத்தில் வந்திறங்கியிருக்க வேண்டும். கோயில் சபையோடு சண்டை. சொந்தத் தம்பியோடு சண்டை. படக்காரரோடு மட்டும் கிழமை தவறாத சண்டை, சக்கரம் வைத்த குப்பை வாளிகளுக்காக. யாருடைய பச்சை வாளி யாருடைய கேற்றை மறைத்து நிற்கிறது என்பதுதான் வழக்கு. மாமா தமிழில் ஏசுவார். படக்காரர் ஆங்கிலத்தில் ஏசுவார். ஒருவருக்கு மற்றவர் சொன்னது ஒரு சொல்லும் விளங்காது. ஆனால் ஒருவர் முடிக்கும்வரை மற்றவர் குறுக்கே பேசாமல் காத்திருப்பார். மழை வந்தாலும் குடையோடு வந்து நிற்பார்கள்.

"ரெண்டும் ஒருநாள் ஒண்டையொண்டு கொல்லப் போகுதுகள்" என்பார் பவளம் மாமி. அவர்தான் சின்னராசா மாமாவின் மனைவி.

அப்படி எதுவும் நடக்கவில்லை. ஒரு காலை மாமா தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்தார், அப்படியே சாய்ந்துவிட்டார். நெஞ்சு.

எங்கள் செத்தவீடுகளைப் பற்றி வெளியாருக்கு ஒன்று சொல்ல வேண்டும். இங்கே இறுதிக்கிரியை நடக்கும் மண்டபத்தில் நிற்பவர்களைவிட, அதைக் கனடாவிலும் பாரிசிலும் ஊரிலும் போனில் பார்ப்பவர்கள்தான் அதிகம். ஆகவே ஐயருக்கு அடுத்த அதிகாரி வீடியோக்காரர். எங்களுக்கு ரஞ்சன் அண்ணை. "மாமி, முகத்தைக் கொஞ்சம் நிமித்துங்கோ. பெட்டிக்குப் பக்கத்தில நிக்கிற ஆக்கள் விலகுங்கோ, மறைக்குது" என்று கிரியை முழுவதையும் அவர்தான் நடத்துவார்.

அன்று ரஞ்சன் அண்ணைக்கு ஒரே கவலை. யாருமே அழவில்லை. வந்தவர்கள் கொஞ்சம் பேர், அதிலும் பாதிப்பேர் மாமாவோடு கோபக்காரர்கள். பவளம் மாமி கல்லாகி உட்கார்ந்திருந்தார். மகள் துஷி அம்மாவின் கையைப் பிடித்தபடி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாய்க்கரிசி போடும் நேரம் வந்தது. இறந்தவரின் வாயில் கடைசியாக அரிசி போடுவது சொந்தக்காரர் மட்டும் செய்யும் காரியம். சொந்தங்கள் வரிசையில் நின்றார்கள். வரிசை ஒன்றைக் கண்டால் அதன் முடிவில் போய் நிற்காத வெள்ளைக்காரர் இன்னும் பிறக்கவில்லை. கறுப்பு சூட்டும் கறுப்பு டையுமாகப் படக்காரர் கடைசியில் நின்றார். அவர் முறை வந்தது. முன்னால் போனவரைப் பார்த்து அப்படியே அரிசியை எடுத்தார், போட்டார். ஐயர் வாயைத் திறந்தார், மூடினார்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் எப்படி எழுதுவது? படக்காரர் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழுதார். விம்மல் மண்டபத்தின் பின்சுவர்வரை கேட்டது. துடைத்துக்கொள்ளவும் இல்லை. எங்கள் அத்தனை பேருக்கும் மூச்சு நின்றுவிட்டது. ரஞ்சன் அண்ணை மட்டும் மூச்சு விட்டார். கமெராவைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து, அந்த முகத்தை மிக அருகில் பிடித்து, ஐயர் மந்திரத்தை முடிக்கும்வரை அங்கேயே நின்றார்.

கனடாவில் அந்த முகம் பெரிய டிவியில் போனது.

துஷிக்கு டொரோண்டோவில் கலியாணம் பேசி, ஏறக்குறைய முடிந்திருந்தது. துஷிக்குப் பையனைப் பிடித்திருந்தது. பிடித்திருந்தது என்பது அம்மாமாருக்குச் சொல்லும் சொல். எனக்குத் தெரிந்த துஷி, அவன் பெயர் போனில் வந்தால் கையில் இருப்பதைக் கீழே போட்டுவிடுவாள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்ததும் நாள் குறிப்பதாக இருந்தது. முடிந்ததும் வந்தது நாள் அல்ல, பையனின் அம்மா. போனில். நானும் அப்போது மாமி வீட்டில்தான் இருந்தேன், போன் ஸ்பீக்கரில் இருந்தது.

"ஒண்டு கேக்கிறன், மறைக்காமல் சொல்லுங்கோ பவளம். ஆர் அந்த வெள்ளை?"

"பக்கத்து வீட்டு மனுசன்."

"பக்கத்து வீட்டு மனுசன் வாய்க்கரிசி போடுறதோ? நாங்கள் எல்லாரும் பாத்தனாங்கள். அது மருமகனுக்கு மாமனார் அழுற அழுகை. உங்கட அவர் முதல்ல லண்டனுக்கு வந்த காலத்தில விசாவுக்கு ஒரு வெள்ளைப் பொம்பிளையைக் கட்டியிருந்தவரோ? அந்தப் பொம்பிளையின்ர தேப்பனோ இது?"

பவளம் மாமியின் கையிலிருந்து போன் நழுவியது. நான் பிடித்தேன்.

"எங்களுக்கு வெள்ளை எண்டு ஒண்டுமில்லை" என்றது போன். "ஒளிச்சது எண்டால்தான் பிரச்சினை. முதல் தாரம், அதுக்குப் பிள்ளையள் எண்டு பிறகு கதை வரக்கூடாது. விளங்கப்படுத்தினால் மேல கதைப்பம். இல்லாட்டி விடுவம்."

சின்னராசா மாமா, குப்பை வாளிக்குச் சண்டை பிடித்த படக்காரரின் மருமகனாம். நான் சிரிக்கவா அழவா என்று தெரியாமல் நின்றேன். துஷியின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்புப் போய்விட்டது.

நான் படித்தவள். படித்தவள் என்ன செய்வாள்? ஆதாரம் தேடுவாள். அந்த மனிதர் நடிகர், அழுவதுதான் அவர் தொழில், எந்தச் செத்தவீட்டிலும் அழுவார் என்று காட்டிவிட்டால் போதும் அல்லவா? படக்காரரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். கன்னத்தைத் திருப்பிக்கொண்டு கேட்டார். தன்னைச் சின்னராசா மாமாவின் மாமனார் ஆக்கியது அவருக்கு வயது விஷயத்தில் மட்டும் கொஞ்சம் வருத்தம்.

"என்னை என்ன அவ்வளவு கிழவன் எண்டு நினைச்சிட்டினமோ?"

ஆனால் உதவிக்கு உடனே சம்மதித்தார். பழைய படங்கள் போடும் சானல் ஒன்றில் அவருடைய முதல் படம் வரவிருந்தது. அந்தச் சானலின் நிகழ்ச்சி அவருக்கு எப்போதும் மனப்பாடம். ரெயில்வே மேடையில், போருக்குப் போகும் தகப்பனைப் பார்த்து அவர் அழும் காட்சி. "அந்தக் காலத்தில தியேட்டரில ஒரு கண்ணும் காயேல்லை" என்றார்.

படம் போட்ட பிற்பகல், பவளம் மாமி வீட்டு முன்னறையில் எல்லோரும் கூடினோம். படக்காரர் சூட் போட்டு வந்து, வாசலில் நின்றார். "அக்‌ஷன்" என்றேன். உள்ளே வந்தார். பையனின் அம்மா, டொரோண்டோ மாமி, துஷியின் போனில் வீடியோவில் இருந்தார். துஷி போனை டிவிக்கு நேரே பிடித்துக்கொண்டாள்.

வெகுநேரம் யார் யாரோ தொப்பியோடு பேசினார்கள். கடைசியில் ரெயில் வந்தது. மேடை முழுக்கப் புகை.

"இப்ப, இப்ப" என்றார் படக்காரர்.

ஒரு சின்னப் பையன் ஓடிவந்தான். ஓடிவந்த வேகத்தில் தாயின் கோட்டுக்குள் முகத்தைப் புதைத்தான். முதுகு குலுங்கியது. ரெயில் போனது. பையன் முகத்தை எடுக்கவே இல்லை. காட்சி முடிந்தது.

"அதுதான் நான்" என்றார் படக்காரர், மிகுந்த திருப்தியோடு.

இத்தனை வருடம் நாங்கள் வணங்கிய இடது கன்னம் அந்தப் படத்தில் ஒரு நொடிகூட இல்லை.

"முதுகைப் பாத்து ஆளை எப்பிடிப் பிடிக்கிறது?" என்றார் டொரோண்டோ மாமி.

"காது, மாமி" என்றேன். வேறு எதைச் சொல்ல? "காதைப் பாருங்கோ. ரெண்டு பக்கமும் விரிஞ்ச காது. அதே காது."

துஷி போனைப் படக்காரரின் காதருகே கொண்டுபோனாள். டொரோண்டோ மாமி கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார்.

"காது சரிதான்" என்று ஒத்துக்கொண்டார். "ஆனால் காது அழேல்லையே பிள்ளை. அந்த மனுசனை இப்ப அழச் சொல்லுங்கோ. நடிகர் எண்டால் எதைச் சொன்னாலும் அழோணும். அங்க, யன்னலுக்கு வெளியில பச்சையாய் நிக்கிறது என்ன?"

"குப்பை வாளி, மாமி" என்றாள் துஷி, கேட்டும் கேட்காத குரலில்.

"அதைப் பாத்து அழச் சொல்லுங்கோ. வாளிக்கு அழுதார் எண்டால் மனுசனுக்கும் சும்மா அழுதிருப்பார் எண்டு நான் நம்புறன்."

இதை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியது நான். பல்கலைக்கழகத்தில் எத்தனையோ கட்டுரை எழுதினேன், இப்படி ஒரு வசனம் எனக்கு வாய்த்ததில்லை. "ஐயா, தயவுசெய்து அந்தக் குப்பை வாளிக்காக அழ முடியுமா?"

படக்காரர் திரும்பினார். ஜன்னலைப் பார்த்தார். வெளியே மாமி வீட்டுப் பச்சை வாளி, அவருடைய கேற்றைக் கொஞ்சம்கூட மறைக்காமல், ஒழுங்காக, தனியாக நின்றது. மாமா போன பிறகு அது அசையவே இல்லை. மாமி குப்பையைக் கையில் கொண்டுபோய் அதில் போட்டுவிட்டு வருவார்.

நாங்கள் காத்திருந்தோம். ஒன்றும் நடக்கவில்லை. துஷி கண்ணை மூடிக்கொண்டாள்.

பிறகு படக்காரரின் தாடை அசைந்தது. முதலில் அது ஏதோ சொல்லப்போகிறவரின் தாடைபோல இருந்தது. அப்புறம் உடைந்தது. மண்டபத்தில் அழுத அதே அழுகை. இந்தத் தடவை அவர் எங்களுக்குக் கன்னத்தைக் கொடுக்கவில்லை. நேரே திரும்பிவிட்டார். இரண்டு கண்ணிலும் ஓடியது. டைரக்டர் சொன்னது சரிதான், வலப்பக்கம் மூக்கோடு போய்ச் சேர்ந்தது. பார்க்க அழகாகவே இல்லை.

பவளம் மாமி எழுந்தார். மாமா போனதிலிருந்து ஒரு சொட்டுக்கூட விடாத மனுஷி, முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு, படக்காரருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பெருங்குரலெடுத்து அழுதார். இரண்டு பேரும் சேர்ந்து ஜன்னலைப் பார்த்து அழுதார்கள்.

"காணும், போதும்" என்றார் டொரோண்டோ மாமி கடைசியில். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நடிகர்தான். நாள் பாப்பம்."

துஷி என்னைக் கட்டிக்கொண்டாள். நான் என் படிப்பை மனதுக்குள் மெச்சிக்கொண்டேன். ஆதாரம், சோதனை, தீர்ப்பு. எல்லாம் முறையாக நடந்துவிட்டது.

படக்காரரை வீட்டு வாசல்வரை கொண்டுபோய் விட்டேன். "அக்‌ஷன்" சொன்னேன். அவர் உள்ளே போகவில்லை.

"பிள்ளை, ஒண்டு சொல்லுறன், ஒருத்தருக்கும் சொல்லாதை. எனக்கு நடிக்கத் தெரியாது."

நான் அவரைப் பார்த்தேன்.

"முதல் படத்தில நான் அழுதது உண்மையாய்ப் பசியில. வீட்டில சாப்பாடு இல்லாத காலம். அழுற பெடியன் நல்லாய் அழுறான் எண்டு அடுத்த படத்துக்கும் கூப்பிட்டவங்கள். அங்க ஸ்டூடியோவில மத்தியானம் சாப்பாடு. இறைச்சி, உருளைக்கிழங்கு, பிறகு புடிங். எவ்வளவு வேணுமெண்டாலும் போடுவாங்கள். ரெண்டாவது படத்தில பாதிதான் கண்ணீர் வந்தது. மூண்டாவதில ஒரு சொட்டும் வரேல்லை. வயிறு நிறைஞ்ச பிள்ளை எப்பிடி அழும்? கிள்ளிப் பாத்தவங்கள். வெங்காயம் பிடிச்சுப் பாத்தவங்கள். நான் சிரிக்கிறன். பிறகு வீட்டுக்கு அனுப்பிட்டாங்கள்."

"அப்ப இண்டைக்கு..."

"என்னோட அவ்வளவு அக்கறையாய்ச் சண்டை பிடிச்ச ஆள் வேற ஆர்?" என்றார். "நான் சொல்லி முடிக்கும்வரை நிண்டு கேப்பான்."

கதவைச் சாத்திக்கொண்டார். நான் நடைபாதையில் நின்றேன். உண்மையான அழுகையை நடிப்பு என்று காட்டித்தான், அவர் மாமாவுக்குச் சொந்தமில்லை என்ற உண்மையை நிரூபித்திருக்கிறேன். இதைவிடப் பெரிய அதிர்ச்சியை எனக்கு யாரும் தந்ததில்லை.

மாமாவின் ஆண்டுத் திவசம் முடிந்தபின், கலியாணம் லண்டனில்தான் நடந்தது. டொரோண்டோ மாமி பட்டுச்சேலையில் நேரிலேயே வந்து இறங்கினார். படக்காரருக்கு நடிக்கத் தெரியாது என்பது தெரியாமல், ரஞ்சன் அண்ணை ஒரு திட்டத்தோடு வந்திருந்தார். பொம்பிளையாகிய துஷி புறப்படும் காட்சியில் படக்காரர் அழ வேண்டும். அதுவும் சம்பந்தி அம்மா பக்கத்தில் நிற்கும்போது.

"ஐயா, ஒரு சொட்டுப் போதும். இங்க பாருங்கோ. அக்‌ஷன்."

படக்காரர் முயன்றார். முகத்தைச் சுருக்கினார், மூச்சைப் பிடித்தார், கன்னத்தைத் திருப்பினார். ஆனால் மாலையும் கழுத்துமாகத் துஷி அவரைப் பார்த்துச் சிரித்தாள். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ரஞ்சன் அண்ணை திரும்ப எடுத்தார். மறுபடியும் சிரிப்பு. இன்னுமொருமுறை. காது இரண்டும் சிரித்தன.

நான் டொரோண்டோ மாமியின் பக்கம் திரும்பவே பயந்தேன். அவர்தான் என் கையைப் பிடித்தார்.

"ஏன் பயப்படுறாய் பிள்ளை? எனக்கு அண்டைக்கே தெரியும். குப்பை வாளிக்கு ஒருத்தன் அப்பிடி அழுவானே?"

"அப்ப ஏன் மாமி ஓம் எண்டு சொன்னனீங்கள்?"

"ஒளிச்ச சொந்தமெண்டால் பவளம் பக்கத்தில இருந்து சேந்து அழுதிருப்பாளே? சொந்தம் அழுறது பெரிய காரியமில்லை. பக்கத்து வீட்டுக்காரன் இப்பிடி அழுற வீட்டில கண்ணை மூடிக்கொண்டு பொம்பிளை எடுக்கலாம்" என்றார். சொல்லிவிட்டுப் படக்காரருக்கு இன்னொரு கிண்ணம் ஐஸ்கிரீம் கொண்டுவரச் சொன்னார்.

சில நாள் கழித்து ரஞ்சன் அண்ணை கலியாண வீடியோவை என்னிடம் போட்டுக் காட்டினார். அவருக்கு மனமே சரியில்லை.

"உந்தக் கிழவர் எல்லா இடத்திலயும் பல்லைக் காட்டிக்கொண்டு நிக்கிறார், தங்கச்சி. தாலி கட்டேக்கையும் பல்லு, பொம்பிளை வெளிக்கிடேக்கையும் பல்லு. எதை எதை வெட்டுறது எண்டு சொல்லும்."

நான் முழுவதையும் பார்த்துவிட்டு, ஒன்றையும் வெட்ட வேண்டாம் என்று சொன்னேன்.